யானை, கழுதை, என் மகளின் பச்சைக் கட்சி

1

குடியுரிமை கொடுத்த அன்று ஆளுக்கொரு சின்னக் கொடி கொடுத்தார்கள். தாளில் அச்சடித்துக் குச்சியில் ஒட்டிய கொடி. பக்கத்தில் நின்றவர்கள் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். நான் கொடியைத் திருப்பி, ஓரத்தில் எந்த அச்சகம் என்று போட்டிருக்கிறதா என்று தேடினேன். சிவகாசிப் பக்கத்து ஆள் கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பான். ஒன்றும் போடவில்லை. நீலம் மட்டும் கோட்டை விட்டுக் கொஞ்சம் விலகி விழுந்திருந்தது. என் மச்சான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் இப்படி அடித்திருந்தால் கட்டோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறார். அக்கா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனிக்கு வேனில் போய் வருகிறாள். நான் எம். புதுப்பட்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பட்டாசுக்கு மருந்து நிரப்பினேன். மச்சானுக்குப் பக்கத்தில் நின்று தாள் எடுத்துக் கொடுத்தேன். சீசனில் லோடு லாரியில் ஏறி வடக்கே போனேன். ஓரிடத்தில் நிற்காத கால் இது. பிழைக்கப் போன மஸ்கட்டில் அதை நிற்க வைத்தவள் என் மனைவி செல்வி. சாத்தூர்க்காரி, நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன் நான்.

ஆனால் குடியுரிமை எனக்குத்தான் முதலில் வந்தது. செல்வியின் காகிதங்களில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் அப்பா பெயரும், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவள் பெயரும் உட்கார்ந்திருக்கின்றன. அந்த இருவரும் ஒருவரா, இருவரா என்று அலுவலகம் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. மகள் மதுவுக்கு அப்போது பதினேழு வயது. அப்பனுக்குக் கிடைத்தால் பதினெட்டு நிரம்பாத பிள்ளைக்கும் சேர்ந்து கிடைக்கும் என்பது சட்டம். என்னால் அவளுக்குக் கிடைத்தது என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய சொத்து அது ஒன்றுதான்.

இப்போது ஒரு பட்டாசு குடோனில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். உள்ளே எல்லாம் சீனச் சரக்கு. ஊரை விட்டு ஓடிவந்தவன், ஓடிவந்து சேர்ந்ததும் பட்டாசில்தான்.

2

கொடி வாங்கிய படத்தை அனுப்பியதும் மச்சான் கூப்பிட்டார்.

“ஏலே மாப்ள, இனிமே நீ அங்கன ஓட்டு போடலாமாலே?”

“போடலாம் மச்சான்.”

“எத்தன கட்சி இருக்கு?”

“பெருசா ரெண்டு.”

“ரெண்டா? அம்புட்டுப் பெரிய நாட்டுக்கு ரெண்டே ரெண்டா? பிரஸ்காரன் எப்பிடிலே பொழைப்பான்?”

அவர் கவலை நியாயமானது. நம் பக்கம் தேர்தல் வந்தால் ஒரு மெஷினில் ஆளுங்கட்சி போஸ்டர் ஓடும், அடுத்த மெஷினில் அதைத் திட்டும் போஸ்டர் ஓடும். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அடுத்தவன் போஸ்டரில் என்ன வாசகம் என்று கேட்டால் மச்சான் வாயைத் திறக்க மாட்டார். தன் ஓட்டு எந்தப் பக்கம் என்பதையும் சொல்ல மாட்டார். அக்காவுக்கே இன்றுவரை தெரியாது. பிரஸ்ஸில் நின்றவனுக்கு அது தொழில் தர்மம். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

இங்கே இருக்கும் இரண்டு பெரிய கட்சிகளும் என் முதலாளி வீட்டிலேயே இருக்கின்றன. முதலாளி ராய் ரிபப்ளிகன். அவர் மனைவி லிண்டா டெமாக்ரட். தேர்தல் வந்தால் வாசல் புல்தரையில் கேட்டுக்கு இந்தப் பக்கம் அவர் பலகை, அந்தப் பக்கம் அவள் பலகை. நடுவில் ஒரே வண்டி, ஒரே நாய்.

ராய் சொல்வது இது: வரியைக் குறை, அரசாங்கம் வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது, துப்பாக்கி என் உரிமை, எல்லையைக் காவல் காக்க வேண்டும், குடும்பமும் கோயிலும் பழையபடி இருக்க வேண்டும். லிண்டா சொல்வது: இருப்பவனிடம் கூடுதலாக வரி வாங்கு, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எல்லாருக்கும் எட்ட வேண்டும், தொழிலாளி சங்கம் வைக்கலாம், கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதைப் பெண் முடிவு செய்யட்டும், புகையைக் குறை. இருவரையும் தனித்தனியாகக் கேட்டால் இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படும். அதனால் சேர்ந்து இருக்கும்போது கேட்பதில்லை.

ராய் கட்சிக்குச் சின்னம் யானை, லிண்டா கட்சிக்குக் கழுதை. கழுதையை ஒரு கட்சி தானாக முன்வந்து வைத்துக்கொண்டிருக்கிறது என்பதை மச்சான் நம்பவே இல்லை. “நம்மூருல கழுதய குடுத்தா கேஸு போடுவாகலே” என்றார். இன்னொரு சங்கதி, எங்கள் மாநில ஓட்டுச் சீட்டில் யானையும் கிடையாது, கழுதையும் கிடையாது. வெறும் எழுத்துதான். நிறமும் ஏமாற்றும். இங்கே சிவப்பு என்றால் ராய் கட்சி. வந்த புதிதில் தெருவெல்லாம் சிவப்பைப் பார்த்து, தோழர்கள் இவ்வளவு வளர்ந்துவிட்டார்களா என்று அசந்துபோயிருக்கிறேன்.

சில்லறைக் கட்சிகளும் உண்டு. லிபர்டேரியன் என்று ஒன்று. அவர்களுக்கு எதற்கும் அரசாங்கம் வேண்டாம். வரி வேண்டாம், தடை வேண்டாம், லைசன்ஸ் வேண்டாம். லைசன்ஸுக்காக நாக்பூரில் இருக்கும் வெடிமருந்து அலுவலகத்துக்கு அலையும் நம் பட்டாசு முதலாளிகள் கேள்விப்பட்டால் மொத்தமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். லைசன்ஸ் இல்லாத ஷெட்டில் ஒரு சீசன் மருந்து நிரப்பியவன் நான். பக்கத்து ஷெட் வெடித்துப் போன பிறகு அங்கே போகவில்லை. அதனால் அந்தக் கட்சியை மரியாதையாகத் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி. அரசியல் சட்டத்தையும் பைபிளையும் எழுத்து மாறாமல் பின்பற்ற வேண்டும் என்கிற கட்சி ஒன்று. சோஷலிசம் பேசும் கட்சிகள் சில. மதுவிலக்குக்கென்றே ஒரு கட்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு ஓட்டுப் போடுகிறவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம்.

பிறகு பச்சைக் கட்சி. காற்று, தண்ணீர், மரம், போர் வேண்டாம் என்று பேசுகிற கட்சி. புகை என்றாலே ஆகாது. என் மகள் போய்ச் சேர்ந்தது அதில்.

இதைக் கேட்டதும் மச்சான், “பசுமைப் பட்டாசுனு லேபிள் ஒட்டுனா விட்டுருவாகளாலே?” என்று கேட்டார்.

3

பெரிய கட்சிகள் இரண்டும் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முதலில் ஒரு தேர்தல் வைக்கின்றன. பிரைமரி என்று பெயர். நம் ஊரில் தலைமை அறிவிக்கும், நாம் மாலை போடுவோம். இங்கே அதற்கும் ஓட்டு.

கொடி வாங்கியதற்கு அடுத்த மார்ச்சில் அது வந்தது. ராயும் லிண்டாவும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். முதல் ஓட்டு என்று நான் சட்டையை இஸ்திரி போட்டிருந்தேன். மதுவிடம் சொல்லவில்லை. அவள் ஒரு மணி நேரத் தொலைவில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஓட்டுப் போடுவதற்கு யாரிடம் சொல்ல வேண்டும்?

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மா என் அட்டையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டாள்: “எந்தக் கட்சி?”

வாக்குச்சாவடிக்குள் அதிகாரியே எந்தக் கட்சி என்று கேட்பதா? நம் ஊரில் கேட்டிருந்தால் ஏஜெண்டுகள் எல்லாரும் எழுந்து ரகளை செய்து ஓட்டுப்பதிவையே நிறுத்தியிருப்பார்கள். “சொல்ல முடியாது” என்றேன்.

“சொன்னால்தான் சீட்டு.”

“அப்படியென்றால் இரண்டும்.”

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “இரண்டும் தர முடியாது, சார். ஒன்றுதான்.”

பின்னால் திரும்பினால் ராயும் லிண்டாவும் தோளோடு தோள் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் கொடுப்பவர் ஒருவர். வாராவாரம் பீச் பழ அப்பம் செய்து கொடுப்பவள் ஒருத்தி. “தயவுசெய்து இருவரும் அந்தப் பக்கம் திரும்புங்கள்” என்றேன். திரும்பினார்கள். நான் பேசாமல் மேஜையில் ஒரு பக்கம் விரலை வைத்தேன். எந்தப் பக்கம் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.

வண்டியில் வரும்போது ராய் சொன்னார், “எனக்குத் தெரியும், என் பக்கம்தான்.” லிண்டா, “கனவு காணுங்கள்” என்றாள். அன்று மூன்று பேரும் சந்தோஷமாக வீடு போய்ச் சேர்ந்தோம்.

4

மது என்னிடம் எதையாவது கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. சின்ன வயதில் குடோனுக்கு வந்து பெட்டிகளின் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். பெரியவளான பிறகு காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். விடுதியிலிருந்து வந்தால் அவள் அம்மாவிடம் பேசுவாள். என்னிடம், “சாப்ட்டீங்களா?” அதோடு முடிந்தது. அவள் கல்லூரியில் பேசும் விஷயங்களுக்கும் என் எட்டாம் வகுப்புக்கும் நடுவில் பாலம் போட இருவருக்குமே தெரியவில்லை.

பிரைமரி முடிந்து சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள். சின்னக் கட்சிகளின் பெயர் நவம்பர் ஓட்டுச் சீட்டில் அச்சாக வேண்டுமென்றால், மாநிலம் முழுக்க நிறைய வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அவள் பங்குக்கு வாங்கிய தாள் அது. இரண்டாவது வரியிலிருந்து கையெழுத்துகள் இருந்தன. முதல் வரி காலி.

“இது உங்களுக்குப்பா. முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கணும்னு யாரையும் போட விடல.”

“இந்தக் கட்சி ஜெயிக்குமாம்மா?”

“ஜெயிக்காது. பேப்பர்ல பேராவது இருக்கணும்ல.”

“அப்பா பட்டாசு குடோன்ல வேலை பாக்குறேன். உங்க கட்சிக்குப் புகையே ஆகாது.”

அவள் கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். “ஊருக்குப் போயிருந்தப்போ அத்தை கை வெள்ளி மாதிரி மின்னுச்சு, ஞாபகம் இருக்கா? எனக்கும் அப்படி வேணும்னு அழுதேன். அப்புறம் ஸ்கூல்ல படிக்கிறப்பதான் அது அலுமினியப் பவுடர்னு தெரிஞ்சது. அத்தை அதே கையால எனக்குச் சோறு ஊட்டுனாங்க. இந்தக் கட்சிதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அந்தக் கையோடு நானும் வருடக்கணக்கில் சோறு தின்றிருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் நிற்கும். அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. பேனாவை எடுத்தேன்.

“ஒண்ணு மட்டும்பா. இந்த வருஷம் பிரைமரில ஓட்டு போட்டவங்க இதுல கையெழுத்து போடக்கூடாது. நீங்க போடலல்ல?”

பேனா முனை தாளைத் தொட்டிருந்தது. எடுத்துவிட்டேன்.

“அப்பா?”

“ராய் வண்டியில கூட்டிட்டுப் போனாரு.”

“போட்டுட்டீங்களா?”

“முதல் ஓட்டுல்லம்மா.”

“எந்தக் கட்சி?”

“அதச் சொல்ல மாட்டேன்.”

“அப்பா, எந்தப் பக்கம் சீட்டு வாங்குனீங்கன்றது ரகசியமே இல்ல. லிஸ்ட்ல இருக்கும். யார் வேணும்னாலும் பாக்கலாம்.”

எனக்கு அது புதுச் செய்தி. ராயையும் லிண்டாவையும் திரும்பி நிற்க வைத்தேனே என்று நினைத்துக்கொண்டேன். “நீ பாக்காத” என்றேன்.

“பாக்கல” என்றாள். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். முதல் வரி காலியாகவே இருந்தது. சாப்பிடும்போது செல்வி, “எனக்குக் குடியுரிமை இருந்தா நான் போட்டிருப்பேன்” என்று சொல்லி எரிகிற இடத்தில் கொஞ்சம் மிளகாயும் தேய்த்தாள்.

5

மறுநாள் கடைத்தெருவில் அவள் கையெழுத்து கேட்பதைத் தள்ளி நின்று பார்த்தேன். பெரிய கடை வாசலில் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். வருகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போகிறார்கள். இப்படியா கேட்பது? எங்கள் பக்கம் சுயேச்சையாக நிற்பவர்கூட அந்தத் தெருவில் நாலு பேரைத் தெரிந்த ஒருவரை முன்னால் விட்டு வீடு வீடாகப் போவார். வாசலில் நின்று கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். பிறகுதான் ஓட்டு.

நானே களத்தில் இறங்கினேன். குடோனில் என்னோடு பெட்டி அடுக்கும் லூப்பே என்ற பெண் இருக்கும் தெரு, சக்கரம் வைத்த தகர வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. இரண்டு கட்சிகளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை, அவர்களும் பிரைமரிக்குப் போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லூப்பே முன்னால் போனாள். நான் கும்பிட்டபடி அவள் பின்னால். மது அட்டையோடு என் பின்னால். “இவர் மகள், காலேஜில் படிக்கிறாள்” என்று லூப்பே சொன்னதும் கதவுகள் திறந்தன. நான் நாயின் பெயரைக் கேட்டேன், பிள்ளைகளின் வகுப்பைக் கேட்டேன். ஓட்டுரிமை இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். மதியத்துக்குள் தாள் நிரம்பி அடுத்த தாளும் பாதி ஆகிவிட்டது. மது சிரித்தாள். “அப்பா, நீங்க கட்சில சேர்ந்துடுங்க” என்றாள்.

வெறுங்கையோடு வாசலுக்குப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. குடோனில் ஊழியர் விலைக்கு வாங்கிய கம்பி மத்தாப்புப் பெட்டிகளை வண்டியில் வைத்திருந்தேன். மது அடுத்த வீட்டுக்கு நகர்ந்ததும், கையெழுத்து வாங்கிய வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டு நானும் நகர்ந்தேன். ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டை விட முடியுமா?

தெருக்கோடியில் ஒரு தாத்தா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். “கையெழுத்துப் போட்டால் மத்தாப்பு தருகிறீர்களாமே, எங்கே போட வேண்டும்?”

மது என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா. என்ன குடுத்தீங்க?”

“பிள்ளைங்களுக்குத்தான்.”

“எல்லா வீட்லயுமா?”

“பாரபட்சம் பாக்கலாமா?”

“கையெழுத்துக்குப் பொருள் குடுத்தா லஞ்சம்பா! அதுவும் மத்தாப்பு! காத்து சுத்தமா இருக்கணும்னு சொல்ற கட்சிக்கு மத்தாப்பு குடுத்து ஆள் புடிச்சிருக்கீங்க!”

லூப்பே சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் போய்விட்டாள். மது சிரிக்கவில்லை. நிரம்பிய தாளையும் பாதித் தாளையும் அங்கேயே கிழித்தாள். காலை முழுக்க நடந்து வாங்கிய தாள்கள். மிச்சமிருந்த ஒரு பெட்டியையும் என்னிடமிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மச்சான் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“ஒரு மத்தாப்புக்கா கிழிச்சா? நம்மூருல எம்புட்டுக் குடுக்காக, வாங்குறாக, ஒரு தாளாச்சும் கிழிஞ்சிருக்கா? எந்த ஊருப் பிள்ளலே அது?”

“நம்ம பிள்ளதான் மச்சான்.”

“அப்ப நீதாம்லே போய்ச் சரி பண்ணணும்.”

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். கையில் அட்டை மட்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, போன வாரம் செய்தது தப்பு, மகள் கிழித்துவிட்டாள், விருப்பம் இருந்தால் மட்டும் மறுபடி போடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். பலர் சிரித்துக்கொண்டே போட்டார்கள். அந்தத் தாத்தா மட்டும், “இப்போது ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டுவிட்டு, யோசித்துப் போட்டார். தாளை மதுவின் மேஜையில் வைத்தேன். முதல் வரியை நானும் யாரையும் போட விடவில்லை. அவள் அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, தாளைக் கட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

6

மாநிலம் முழுக்கச் சேர்ந்ததில் கையெழுத்துக் கணக்கு எப்படியோ தேறிவிட்டது. நவம்பர் சீட்டில் பச்சைக் கட்சி அச்சாகியிருந்தது. எங்கள் வாக்குச்சாவடி பண்ணைகளுக்கு நடுவில் ஒரு சர்ச் கூடம். மதுவும் விடுதியிலிருந்து வந்து அங்கேதான் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனாள். இந்த முறை எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. சின்னம் இல்லாத சீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு நேரம் பிடித்தது. பெரியவர்கள் இருவரும் மேலே. சின்னவர்கள் கீழே. என் விரல் எங்கே போனது என்பது எனக்கும் சீட்டுக்கும் உள்ள விவகாரம்.

வாக்கு எண்ணிய பிறகு மச்சான் கூப்பிட்டார். “ஜெயிச்சவுக வாசல்ல சரவெடி போட்டாகளா?” நம் பக்கம் எண்ணிக்கைக்கு முன்னாலேயே இரண்டு கட்சியும் கடையில் வெடிக்கு ஆர்டர் கொடுத்துவிடும். தோற்றவர்கள் சரக்கை எடுக்க வர மாட்டார்கள், அதையும் ஜெயித்தவர்களே வாங்கிப் போடுவார்கள். இங்கே அப்படி எதுவும் இல்லை என்றேன். “பொறவு என்னத்துக்குலே எலெக்சன்?” என்று சலித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் மது வந்தாள். சாயங்காலம் நான் வாசல் படியில் உட்கார்ந்து பாதாம் கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனைக் காட்டினாள். இங்கே ஒவ்வொரு சாவடிக்கும் எந்தக் கட்சிக்கு எத்தனை விழுந்தது என்று போட்டுவிடுகிறார்கள்.

“அப்பா, நம்ம பூத்ல எங்க கட்சிக்கு ரெண்டு ஓட்டு.”

“அப்படியா?”

“ஒண்ணு நான்.”

“சரி.”

“இன்னொண்ணு யாரு?”

“லூப்பேயா இருக்கும்.”

“லூப்பேக்கு ஓட்டே இல்லப்பா. அந்தத் தெருவே வேற பூத்.”

“அப்ப ராய் தெரியாம மாத்திக் குத்தியிருப்பாரு.”

நான் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கட்சிக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒன்றாக மறைந்துகொள்ளலாம். இத்தனை வருடம் கட்டிக் காத்த தொழில் தர்மம் சின்னக் கட்சியில் போய் மாட்டிக்கொள்ளும் என்று மச்சான் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மது பையை இழுத்து, ஜிப்பைத் திறந்து, அன்று பறித்த மத்தாப்புப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“இந்தாங்க. ஓட்டு போட்டு முடிஞ்சப்புறம் குடுத்தா லஞ்சம் இல்ல.”

“புகை வருமேம்மா?”

“ஒண்ணே ஒண்ணு” என்றாள். தீப்பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.